துறைமுகத்தின் சுற்றுச்சூழல் அறிக்கையை வடக்கிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்

திருவொற்றியூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "காசிமேடு மாதிரி ஏற்கனவே இருக்கிற மீன்பிடித் துறைமுகத்தை இடித்துப் புதுப்பிக்கும்போது சுற்றுச்சூழல் ஆய்வு எதற்கு? புதிதாகக் கடலுக்குள் போகவில்லையே? அப்படி ஓர் அறிக்கை கையில் கிடைத்தால், இதெல்லாம் படிக்காத என்னைப் போன்றவன் அதில் எதைப் பார்ப்பது?" அப்பா ஃபைபர் படகு வைத்திருக்கிறார், வீடு கடலைப் பார்த்த தெருவில் என்றும் எழுதியிருக்கிறார்.

தம்பி, உங்கள் வீடு துறைமுகத்துக்கு வடக்கே இருக்கிறது. அதனால் இந்தக் கேள்வியைக் கேட்க உங்களைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முதலில் சட்டத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

2006 செப்டம்பர் 14 அன்று வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் துறைமுகம், அலைத்தடுப்புச் சுவர், தூர்வாருதல் எல்லாம் ஒரே இனமாக வைக்கப்பட்டிருக்கின்றன. ஆண்டுக்கு 10,000 டன் அல்லது அதற்கு மேல் மீன் கையாளும் மீன்பிடித் துறைமுகத்துக்குச் சுற்றுச்சூழல் முன் அனுமதி வேண்டும். கேட்கும்போது பெரிய எண்ணாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 61 நாள் தடைக்காலத்தைக் கழித்தால் 304 நாள், அதாவது நாளுக்கு 33 டன். காசிமேடு போன்ற இடத்துக்கு அது ஒரு அளவே இல்லை. புதிதாகக் கட்டுவது மட்டுமல்ல, இருப்பதை விரிவாக்குவதும், திறன் கூடும்படி நவீனமாக்குவதும் இதற்குள் வரும். சரி, திறன் கூடவில்லை, பழையதை அப்படியே திரும்பக் கட்டுகிறோம் என்று சொன்னால்? அப்போதும் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை தனியாக நிற்கிறது. 1991இல் முதலில் வந்து, 2011இலும் 2019இலும் மாற்றி எழுதப்பட்ட அதன்படி, கடலிலும் கரையோரத்திலும் செய்கிற வேலைக்கு அனுமதி வாங்க வேண்டும்.

ஆகவே அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது அந்த வேலைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதை. ஏற்கனவே அனுமதி பெற்ற திட்டத்தில் சேர்ந்த பராமரிப்புத் தூர்வாரலுக்குப் புது அனுமதி தேவையில்லை. ஆழத்தைக் கூட்டினால் தேவை. "சீரமைப்பு" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டும் அடங்கிவிடும். அதனால் பழைய வரைபடத்தையும் புது வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்றே எண்களை ஒப்பிடுங்கள்: அலைத்தடுப்புச் சுவரின் நீளம், உள்ளே தண்ணீரின் ஆழம், நிற்கப்போகிற படகுகளின் எண்ணிக்கை. இந்த மூன்றில் ஒன்று மாறியிருந்தாலும் கடலைப் பொறுத்தவரை அது வேறு துறைமுகம்.

இனி வடக்குக்கு வருவோம்.

சென்னைக் கரையில் மணல் நடந்துகொண்டே இருக்கிறது. ஏறத்தாழ மார்ச் முதல் அக்டோபர் வரை அலை தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் சாய்ந்து வந்து மணலை வடக்கே தள்ளும். வாடைக் காற்று அடிக்கிற மாதங்களில் அது திரும்பித் தெற்கே போகும். ஆனால் போனதும் வந்ததும் சமமாகாது. ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் நிகரமாக மணல் வடக்கே போயிருக்கும். இதன் குறுக்கே எதை வைத்தாலும் அதன் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் அரிக்கும். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் அறிக்கையில் பாதி உங்களுக்குப் புரிந்துவிடும்.

இதற்கு உலகத்திலேயே பெரிய சாட்சி நம் ஊரில்தான் இருக்கிறது. 1876இல் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் இரண்டு கைகள் போல அலைத்தடுப்புச் சுவர்களைக் கட்டத் தொடங்கினார்கள். 1881 நவம்பரில் வந்த புயல் அதில் பெரும்பகுதியைச் சிதைத்தது. திரும்பக் கட்டினார்கள். அதற்குள் தெற்கே மணல் சேரத் தொடங்கிவிட்டது. அந்த மணல்தான் இன்றைய மெரினா. 1880களில் ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் அதற்கு அந்தப் பெயரை வைத்தார். மணல் அதோடு நிற்கவில்லை. கிழக்கு நோக்கி இருந்த துறைமுக வாசலையும் தூர்த்துக்கொண்டே வந்ததால், பிரான்சிஸ் ஸ்பிரிங் துறைமுகத்தின் தலைவராக இருந்த காலத்தில் அதை மூடிவிட்டு வடகிழக்கில் புது வாசல் வைக்க வேண்டியதாயிற்று. இதே காலத்தில் வடக்கே என்ன நடந்தது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் உள்ளே வந்தது. கோயிலும் தெருவும் வீடும் போயின. பிறகு கருங்கல்லைக் கொட்டி, கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகள் கட்டி, அதை ஓரளவு நிறுத்தி வைத்திருக்கிறோம். தூண்டில் வளைவும் அதே வேலையைத்தான் செய்கிறது: தன் தெற்கே மணலைப் பிடித்துக்கொண்டு, பசியை அடுத்த குப்பத்துக்கு அனுப்புகிறது.

மெரினாவுக்கு ஞாயிற்றுக்கிழமை போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த மணல் வடசென்னைக்குப் போய்ச் சேர வேண்டிய மணல் என்று தெரியும்? இதை நினைக்காமல் என்னால் அங்கே உட்கார முடிவதில்லை.

இப்போது அறிக்கையைத் திறங்கள். உள்ளே "ஆய்வுப் பகுதி" என்று ஒரு வட்டம் போட்டிருப்பார்கள். வழக்கமாகத் திட்டத்தைச் சுற்றி 10 கிலோமீட்டர் ஆரம். காற்று மாசுக்கு அந்த வட்டம் சரி. புகை எல்லாப் பக்கமும் போகும். மணல் வட்டமாகப் போகாது, கரையோடு போகும். காசிமேட்டை மையமாக வைத்து அந்த வட்டத்தைப் போட்டுப் பாருங்கள். பாதி வெறும் கடல். தெற்கே மெரினாவும் நகரமும். வடக்கே உங்கள் ஊர் உள்ளே வரும், ஆனால் எண்ணூர் முகத்துவாரம் வெளியே விழுந்துவிடும். கொசஸ்தலையாறு கடலில் சேர்கிற, வெள்ளக் காலத்தில் வடசென்னையின் தண்ணீர் வடிய வேண்டிய அந்த வாயை மணல் அடைக்கிறதா இல்லையா என்பது இந்தக் கரையின் மிக முக்கியமான கேள்விகளில் ஒன்று. அது இரண்டு கிலோமீட்டர் வித்தியாசத்தில் அறிக்கைக்கு வெளியே போய்விடுகிறது. "கரைக்கோடு மாற்றத்தை வடக்கே எதுவரை கணக்கிட்டீர்கள்?" என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

அதோடு சேர்த்து இன்னொன்றையும் கேளுங்கள். சென்னைத் துறைமுகம், காசிமேடு, தூண்டில் வளைவுகள், திருவொற்றியூர் மீன்பிடித் துறைமுகம், 2001இல் செயல்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம், அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளி. முப்பது கிலோமீட்டர் கூட வராத கரையில் இத்தனை தடுப்புகள். ஒவ்வொன்றும் தன் அறிக்கையில் தான் ஒருவன் மட்டும் கடலில் இருப்பதுபோல எழுதினால், எல்லாம் சேர்ந்து என்ன செய்கின்றன என்பதற்கு யாரிடமும் பதில் இருக்காது. கூட்டுத் தாக்கம் என்று ஓர் அத்தியாயம் இருக்கும். அதில் மற்ற கட்டுமானங்களின் பெயர்ப் பட்டியல் மட்டும் இருக்கிறதா, அவற்றையும் கரை எப்படி மாறும் என்று கணிக்கிற கணினி மாதிரிக்குள் வைத்து ஓட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். கணினி மாதிரி என்றதும் பயப்பட வேண்டாம். அதைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. நேற்று நடந்ததை அது சரியாகச் சொல்கிறதா? 2005இல் இருந்த கரையைக் கொடுத்து 2020இல் கரை எங்கே இருக்கும் என்று கேட்டால், செயற்கைக்கோள் படத்தில் இருக்கிற இடத்தைக் காட்ட வேண்டும். அந்த ஒப்பீட்டுப் படம் அறிக்கையில் இல்லாவிட்டால், 2040 பற்றி அது சொல்வதை நம்ப எனக்குக் காரணம் கிடையாது. கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களை நீங்களே பார்க்கலாம், போனிலோ பக்கத்து பிரவுசிங் சென்டரிலோ.

அடுத்து மாதங்கள். இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் என் பங்கும் உண்டு.

அறிக்கைக்கான அடிப்படைத் தரவை ஒரு பருவத்துக்கு எடுத்தால் போதும், அந்தப் பருவம் மழைக்காலமாக இருக்கக் கூடாது என்பது நடைமுறை. அதனால் பல அறிக்கைகளில் மார்ச் முதல் மே வரை எடுத்த தரவுதான் இருக்கும். என் இருபதுகளில் ஓர் ஆலோசனை நிறுவனத்துக்காக வடசென்னையில் படகு அணையும் ஓர் இடத்தில் தண்ணீர் மாதிரி எடுக்கப் போனேன். மே மாதம். பாட்டில்களை வரிசையாக வைத்து லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னா சார், படகெல்லாம் கட்டிப் போட்டிருக்கிறப்ப வந்து தண்ணி எடுத்துனு போறியே. ஐப்பசி கார்த்திகையில வா, அப்பதான் தெரியும்" என்றார். நான் சிரித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். எனக்குக் கொடுத்த தேதி அதுதான்.

அவர் சொன்னது முழுக்கச் சரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் என்ஜின் ஓடாது, எண்ணெய்க் கழிவு நீர் வெளியேறாது, ஏலக்கூடத்தில் கழுவுகிற தண்ணீர் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது, லாரி வராது, சத்தமும் குறைவு. நான் எடுத்த எண்கள் எல்லாம் வரம்புக்குள் இருந்தன. அந்த எண்களில் பொய் இல்லை. துறைமுகம் தூங்குகிற மாதத்தில் எடுத்த எண்கள், அவ்வளவுதான். அதே மாதங்களில்தான் படகுகளைக் கரையேற்றிச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பார்கள். ஆகவே எண்ணெய் குறைந்தாலும் பெயின்ட்டில் இருக்கிற செம்பு கூடியிருக்கலாம். அதை அளக்கச் சொல்லி யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்று வரை அது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது.

கோடையில் மட்டும் அளந்தால் இன்னும் இரண்டு விஷயங்கள் தப்பிப் போகும். மணல் தெற்கே திரும்புகிற, புயல் வருகிற, கடல் உங்கள் தெருவுக்குள் வருகிற மாதங்கள் தப்பிப் போகும். ஜனவரியிலிருந்து முட்டையிடக் கரைக்கு வரும் பங்குனி ஆமைகளின் உச்சகட்டப் பருவத்தில் ஒரு பகுதியும் போய்விடும். அறிக்கையில் ஒவ்வொரு அட்டவணைக்கும் மேலே மாதிரி எடுத்த தேதி இருக்கும். முடிவுகளைப் படிக்கும் முன் அந்தத் தேதிகளை ஒரு தாளில் எழுதுங்கள். எல்லாம் தடைக்காலத்துக்குள் விழுந்தால், மழைக்காலத்துக்குப் பிறகு இன்னொரு முறை எடுக்கச் சொல்லிக் கேட்பது முழுக்க நியாயம்.

அப்புறம் சேறு. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் நான் பேசுகிறேன்.

காசிமேடு துறைமுகம் 1984இல் செயல்பாட்டுக்கு வந்தது. நாற்பது ஆண்டுச் சேறு அடியில் இருக்கிறது. சென்னையில் கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள்தான். அலைத்தடுப்புச் சுவருக்குள் தண்ணீர் அவ்வளவாக மாறாது, வந்தது அங்கேயே படியும். டீசல், கிரீஸ், பெயின்ட், மீன் கழிவு, சாக்கடை எல்லாம் அடுக்கடுக்காக இருக்கும். 2008இல் உலக அளவில் தடை செய்யப்படும் வரை கப்பல் அடிப்பகுதிக்கு அடிக்கிற பெயின்ட்டில் டின் (வெள்ளீயம்) கலந்த ஒரு நச்சு இருந்தது. சிப்பியையும் நத்தையையும் மிகக் குறைந்த அளவிலேயே கெடுக்கக்கூடியது. பெரிய துறைமுகத்தை ஒட்டிய சேற்றில் அதைத் தேடாமல் விடுவது சரியில்லை.

மாதிரி எடுக்கிற கருவி மேலே உள்ள பத்துப் பதினைந்து சென்டிமீட்டரை மட்டும் வாரி எடுக்கும். தூர்வாரும் இயந்திரம் ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் வெட்டும். மேல்தோலைச் சோதித்துவிட்டு உள்ளே இருப்பதைக் கடலில் கொட்டுவது எப்படிச் சரியாகும்? குழாய் இறக்கி, வெட்டப்போகும் ஆழம் முழுவதற்கும் சேறு எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பிறகு எங்கே கொட்டப் போகிறார்கள் என்று கேளுங்கள். "ஆழ்கடலில்" என்ற சொல் பதில் ஆகாது. அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம் மூன்றும் வேண்டும். அந்த இடத்தை உங்கள் அப்பாவிடம் காட்டுங்கள். அங்கே என்ன மீன் படும், எந்த மாதத்தில் யார் வலை போடுவார்கள் என்பதை அவர் சொல்லிவிடுவார். அது அறிக்கையில் இருக்காது. இன்னொன்று: தூர்வாருவதில் சுத்தமான மணலாக வருவதைக் கடலில் கொட்டக் கூடாது. அது வடக்கே போய்க்கொண்டிருந்த மணல். தூண்டில் வளைவுகளுக்கு இடையே, அரிக்கிற கரையில் கொண்டுவந்து போடச் சொல்லிக் கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. நான் ஒரே ஒரு கோரிக்கைதான் வைக்கலாம் என்றால் இதைத்தான் வைப்பேன்.

கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. அலைத்தடுப்புச் சுவருக்கு வேண்டிய கருங்கல் குவாரியிலிருந்து லாரியில் வரும். ஒரு லட்சம் டன் கல் என்று எங்காவது எழுதியிருந்தால், ஒரு லாரிக்கு 20 டன் வைத்தால் 5,000 நடை. திரும்பிப் போவதையும் சேர்த்தால் உங்கள் சாலையில் 10,000 முறை. பள்ளிக்கூட நேரத்திலும் அது ஓடுமா என்பது சின்னக் கேள்வி இல்லை. 2011 வரை சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் இறக்கி ஏற்றிய காலத்தில் ராயபுரத்தில் கருப்புத் தூசி துடைத்தவர்கள் நீதிமன்றம் வரை போய்த்தான் அதை நிறுத்த முடிந்தது.

நான் துறைமுகத்தைப் புதுப்பிப்பதற்கு எதிரி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். காசிமேட்டில் விடியற்காலை மூன்று மணிக்கு நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். படகுகள் ஒன்றின்மேல் ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும், தரையில் கால் வைக்க முடியாது, கூடையோடு நிற்கிற பெண்களுக்குக் கழிப்பறை சரியாகக் கிடையாது. நல்ல ஏலக்கூடம், குளிர்சாதன அறை, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, எண்ணெய்க் கழிவை வாங்கிக்கொள்கிற இடம், இவை எல்லாம் சுற்றுச்சூழலுக்கும் நல்லது, தொழிலுக்கும் நல்லது. ஆனால் வேலை நடக்கிற இரண்டு மூன்று ஆண்டுகளில் படகுகள் எங்கே நிற்கும்? பக்கத்துக் குப்பத்துக் கரைக்குப் போனால் அங்கே உள்ள சின்னப் படகுகள் எங்கே போகும்? கருவாடு காயவைக்கிற மணல் திட்டு வரைபடத்தில் இருக்கிறதா, அல்லது "காலி இடம்" என்று குறித்திருக்கிறார்களா? 2011 அறிவிக்கையிலேயே மீனவர்களின் பொது இடங்கள், மீன் காயவைக்கிற தளங்கள், ஐஸ் ஆலைகள் எல்லாவற்றையும் கடலோர மேலாண்மை வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று இருக்கிறது. ஏலத்தில் எடுத்து, தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்கிற பெண்கள் இந்த அறிக்கைகளின் சமூக அத்தியாயத்தில் பெரும்பாலும் ஒரு வரியாக வந்து போவார்கள். படகு வைத்திருப்பவரின் பெயர் பதிவில் இருக்கிறது, அவர்கள் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை என்பதே காரணம். உங்கள் அம்மாவையோ அத்தையையோ கூட்டத்துக்கு அழைத்துக்கொண்டு போங்கள். அவர்கள் பேசட்டும்.

கூட்டம் என்றேன், கருத்துக் கேட்புக் கூட்டம். திட்டத்துக்கு அது தேவைப்படுகிற பட்சத்தில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதை நடத்தும். மாவட்ட ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை தாங்குவார். குறைந்தது 30 நாள் முன்பே நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். முழு அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும், ஆனால் நான் மேலே சொன்ன தேதி, வட்டம், ஆழம், எண்ணிக்கை எல்லாம் எண்கள், அவற்றுக்கு மொழி தடை இல்லை. கூட்டம் முழுவதும் வீடியோ எடுக்கப்படும். எத்தனை பேர் வந்தாலும் கூட்டம் செல்லும் என்பதால், வராமல் இருந்து எதிர்ப்பைக் காட்டுவது பதிவாகாது. பேசுங்கள், பேசியதையே எழுதியும் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். முடிவில் பேசப்பட்டவற்றைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. களைத்துப்போய் எல்லோரும் கிளம்புகிற நேரம் அதுதான். ஒருவராவது கடைசி வரை இருந்து, சொன்னது விடுபடாமல் இருக்கிறதா என்று கேளுங்கள். ஏனென்றால் எழுப்பப்பட்ட ஒவ்வொரு கவலைக்கும் இறுதி அறிக்கையில் பதில் எழுத வேண்டியது திட்டக்காரரின் கடமை. பதிவில் இல்லாத கவலைக்குப் பதில் எழுத வேண்டியதில்லை.

அனுமதி கிடைத்துவிட்டால் அந்த ஆணையை எடுத்து நிபந்தனைகளைப் படியுங்கள். சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் கிடைக்கும். ஆணையை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டுமென்றால் 30 நாள். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை தீர்ப்பாயம் அனுமதிக்கலாம். அதைத் தாண்டினால் கதவு மூடிவிடும். தெற்கு மண்டல அமர்வு சேப்பாக்கம் கலச மஹாலில்தான் இருக்கிறது, பேருந்தில் போய்விடலாம்.

இன்றைக்கே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. உங்கள் தெருமுனையில் கடலுக்கும் ஏதாவது ஓர் அசையாத பொருளுக்கும், கோயில் சுவரோ மின்கம்பமோ, இடையே எத்தனை அடி என்று டேப் வைத்து அளந்து, போட்டோ எடுத்து, தேதி போட்டு வையுங்கள். நேரத்தையும் எழுதுங்கள், ஏற்றமா வற்றமா என்று பிறகு சரிபார்க்க உதவும். மாதம் ஒரு முறை, அதே இடத்தில். ஐப்பசியை விட்டுவிடாதீர்கள்.